தலையணையான அம்புகள்

குருட்சேத்திரத்தில் பத்தாம் நாள் போர் முடியும் வேளையில் பீஷ்மர் தேரிலிருந்து சாய்ந்தார். உடலெங்கும் தைத்திருந்த அம்புகள் அவரைத் தரையில் படாமல் தாங்கி நின்றன. தலை மட்டும் தாங்குவாரின்றித் தொங்கியது. பாண்டவர், கௌரவர் என்ற வேற்றுமையின்றி அரசர்கள் அனைவரும் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு அவரைச் சூழ்ந்து நின்றனர். அதன்பின் நடந்த மூன்று நிகழ்ச்சிகளை மகாபாரதம் கூறுகிறது.

தலைக்கு ஓர் அணை வேண்டும் என்றார் பீஷ்மர். அரசர்கள் மெல்லிய தலையணைகளைக் கொண்டுவந்தனர். அவர் அவற்றை ஏற்காமல் அர்ஜுனனை நோக்கினார். குறிப்பை உணர்ந்த அர்ஜுனன் கண்ணீர் மல்கக் காண்டீவத்தை எடுத்தான். மூன்று அம்புகளைத் தரையில் எய்து, அவற்றின்மேல் பாட்டனாரின் தலை பொருந்துமாறு செய்தான். பீஷ்மரின் முகம் மலர்ந்தது.

அடுத்து, உடலில் தைத்த அம்புகளைப் பிடுங்குவதில் தேர்ந்த மருத்துவர்களைத் துரியோதனன் கருவிகளுடன் அழைத்து வந்தான். அவர்களுக்கு உரிய பொருளும் மரியாதையும் அளித்துத் திருப்பி அனுப்பிவிடும்படி பீஷ்மர் கூறினார். தமது நிலையில் அவர்களால் ஆகவேண்டியது ஏதும் இல்லை என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

மறுநாள் காலை அவரைத் தாகம் வாட்டியது. குளிர்ந்த நீர்க்குடங்கள் பல வந்தன. இம்முறையும் அவர் அர்ஜுனனையே அழைத்தார். அர்ஜுனன் எய்த அம்பு பூமியைப் பிளக்க, அங்கிருந்து பொங்கிய நன்னீர் பீஷ்மரின் தாகத்தைத் தணித்தது.

மருத்துவர்களைத் திருப்பி அனுப்பிய அதே பீஷ்மர், தலையணையையும் தண்ணீரையும் கேட்டுப் பெற்றார் என்பது சிந்திக்கத் தக்கது. அதைவிடச் சிந்திக்கத் தக்கது, அவற்றை அவர் யாரிடமிருந்து, எதன் வழியாகப் பெற்றார் என்பதாகும். அவரை வீழ்த்திய அதே காண்டீவம்தான் அவருக்குத் தலையணை தந்தது, தண்ணீரும் தந்தது. வில் மாறவில்லை, எய்தவனும் மாறவில்லை. எய்ததன் நோக்கம் மட்டுமே மாறியது.

பரேலை நோக்கி வரும் குடும்பங்கள்

இந்தப் பழைய வரலாறு, மும்பையின் பரேல் பகுதியில் நாள்தோறும் எழும் ஒரு கேள்விக்கு ஒளி தருகிறது. அங்கே 1941 பிப்ரவரி 28 அன்று டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1962 முதல் அது இந்திய அரசின் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்கி வருகிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் புற்றுநோயாளிகள் அங்கு வருகின்றனர். தங்க இடமின்றி நடைபாதையில் பாய் விரிப்போரும் உண்டு. தாதரில் சந்த் காட்கே மகராஜின் பெயரால் நடைபெறும் தர்மசாலை அவர்களில் பலருக்கு நிழல் தருகிறது.

மும்பைத் தமிழர்களுக்கு அந்த மருத்துவமனை தொலைவில் இல்லை. தாராவியின் குறுகிய சந்துகளிலிருந்தும், மாட்டுங்காவின் பழைய அடுக்குமாடி வீடுகளிலிருந்தும், செம்பூரின் குடியிருப்புகளிலிருந்தும் சிறிது நேர ரயில் பயணத்தில் பரேலை அடைந்துவிடலாம். இவர்களிடையே தொழிலும் வசதியும் வேறுபடலாம். ஆனால் நோய் முற்றிய பிறகு எழும் கேள்வி எல்லா வீடுகளிலும் ஒன்றே.

தாராவியில் ஒரே அறை கொண்ட வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தாய்க்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து ஆண்டுகள் சில கழிந்தபின், நோய் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருப்பதாகப் பரிசோதனை காட்டுகிறது. நோயை முற்றிலும் அகற்ற இனி இயலாது என்று மருத்துவர் கூறுகிறார். மூத்த மகன், இருக்கும் நகையை விற்றாவது, வீட்டையே விற்றாவது வேறு மருத்துவமனையில் கடைசிவரை போராடிப் பார்க்க வேண்டும் என்கிறான். இளையவன், அம்மாவை இனியும் வதைக்க வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திருநெல்வேலிக்கே அழைத்துச் சென்றுவிடலாம் என்கிறான். இருவரும் தாயின்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். ஆயினும் இருவரில் எவரும், தாயின் அருகில் அமர்ந்து, அவளுக்கு எங்கே வலிக்கிறது, எது அவளை உறங்கவிடாமல் செய்கிறது என்று இன்னும் கேட்கவில்லை.

மூத்தவனும் இளையவனும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தோன்றினாலும், இருவரும் நிற்பது ஒரே தவறான எண்ணத்தின் மீது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒரே ஒரு நோக்கம்தான் உண்டு, அது நோயைக் குணப்படுத்துவது என்பதே அந்த எண்ணம். அதனால் ஒருவன் குணத்தை எப்படியேனும் வாங்கிவிட விரைகிறான். மற்றவன் குணமில்லை எனில் சிகிச்சையே வேண்டாம் என்கிறான். துரியோதனன் மருத்துவர்களை அழைத்து வந்தான். பட்டுத் தலையணை கொணர்ந்தவர்கள் பீஷ்மருக்கு ஆறுதல் அளிக்க விரும்பினர். ஆனால் அவரது தேவை இன்னதென்று அறிந்து, தன் கையிலிருந்த வில்லையே அதற்குப் பயன்படுத்தியவன் அர்ஜுனன் ஒருவனே.

போர்வை என்னும் சொல்

நோய் ஆதரவுச் சிகிச்சையைக் குறிக்கும் பாலியேட்டிவ் என்னும் சொல், போர்வையைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குளிரில் நடுங்குபவனைப் போர்த்துவதுபோல் துன்பத்திலிருப்பவனைப் போர்த்திக் காப்பது என்பது அதன் பொருள். இலண்டனில் 1967-ஆம் ஆண்டு புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், முற்றிய நோயாளியின் வலி உடலில் மட்டும் இருப்பதில்லை என்பதை வலியுறுத்தினார். உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் ஆகிய நான்கிலும் பரவி நிற்கும் முழுமையான வலி அது. இந்தியாவில் இத்தகைய முதல் இல்லமான சாந்தி அவேத்னா சதன், 1986-ஆம் ஆண்டு மும்பை பாந்திராவில் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர் புற்றுநோய் அறுவை மருத்துவரான டாக்டர் டி சூசா.

நோய் ஆதரவுச் சிகிச்சை என்றதும், எல்லா மருத்துவமும் கைவிட்டபின் செல்லும் கடைசி இடம் என்றே பலர் எண்ணுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2002-ஆம் ஆண்டு தந்த விளக்கம் இந்த எண்ணத்தை மாற்றியது. நோயின் தொடக்க நிலையிலேயே, கீமோதெரபி, கதிர்வீச்சு போன்ற சிகிச்சைகளுடன் சேர்த்தே நோய் ஆதரவுச் சிகிச்சையை அளிக்கலாம் என்று அது கூறியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலுவான சான்றாகும். பரவிய நுரையீரல் புற்றுநோய் உடையவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் ஆதரவுச் சிகிச்சையும் தொடக்கத்திலிருந்தே அளிக்கப்பட்டது. அவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது. வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. இறுதி நாட்களில் கடுமையான சிகிச்சை பெற்றவர்களும் அப்பிரிவில் குறைவு. ஆயினும் அவர்களது இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதங்கள், மற்றவர்களுக்கு 8.9 மாதங்கள். ஆதரவுச் சிகிச்சை என்பது கைவிடுதல் அன்று என்பது இதனால் விளங்கும்.

ஒரே கதிர், வேறு சங்கல்பம்

எந்தச் செயலையும் தொடங்குமுன் சங்கல்பம் செய்துகொள்வது பாரத மரபு. இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்ன நோக்கத்திற்காக இதைச் செய்கிறேன் என்று சொல்லியே பூஜையும் தொடங்குகிறது. சங்கல்பம் மாறினால் அதே மந்திரமும் அதே நீரும் வேறொரு கர்மமாகிவிடுகின்றன. சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

தாராவித் தாயின் இடுப்பெலும்புக்கே வருவோம். குணப்படுத்தும் நோக்கில் அளிக்கப்படும் கதிர்வீச்சு பெரும்பாலும் பல வாரங்கள் நீளும். வலியைத் தணிப்பது மட்டுமே நோக்கமானால், 8 கிரே அளவில் ஒரே ஒரு முறை அளிக்கும் கதிர்வீச்சு பலருக்குப் போதுமானது. ஒரே முறை அளிப்பதையும் பல நாட்கள் பிரித்து அளிப்பதையும் ஒப்பிட்ட பல ஆய்வுகள் 2007-இல் தொகுத்து ஆராயப்பட்டன. வலி தணிந்தவர்கள் ஒரு பிரிவில் நூற்றுக்கு 58 பேர், மற்றதில் 59 பேர். ஒரே முறை பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு மீண்டும் கதிர்வீச்சு தேவைப்பட்டது. மற்றப் பிரிவில் 8 பேருக்கே தேவைப்பட்டது. எனினும், வலியோடு ரயிலேறி இறங்க இயலாத ஒருவருக்கு, பத்து நாள் அலைச்சலுக்குப் பதில் ஒரே நாளில் முடியும் சிகிச்சை எத்தகைய கருணை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதன் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். கதிர்வீச்சு பெற்ற ஓரிரு நாட்களில் வலி சற்றுக் கூடலாம். முழுப் பயன் தெரியச் சில நாட்கள் முதல் மூன்று, நான்கு வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை வலி மருந்துகளை நிறுத்தலாகாது. எலும்பு மட்டுமன்றி, கருப்பைவாய்ப் புற்றிலிருந்து கசியும் இரத்தத்தை நிறுத்தவும், மூச்சை அடைக்கும் கட்டியைச் சுருக்கவும் கதிர்வீச்சு உதவுகிறது. நோய் முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கினால், அது அவசர நிலை. கால்கள் மரத்துப்போதல், நடை தளர்தல், சிறுநீர் அடைபடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். நடக்கும் ஆற்றல் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் அந்த ஆற்றலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். எப்படியும் குணமாகாதே என்று இளைய மகன் அன்று மருத்துவமனைக்குச் செல்லாமல் இருந்துவிட்டால், தாய் எஞ்சிய மாதங்களை எழுந்து நடக்கவும் இயலாமல் கழிக்க நேரிடும்.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்தத் தொண்டில் பங்கு கொண்டுள்ளது. அணுவைப் பற்றி உலகம் முதலில் கேட்டறிந்தது அழிவுச் செய்தியை. ஆனால் டிராம்பேயில் செம்பூரின் குன்றுகளுக்கு அப்பால் இயங்கும் உலைகளில் உருவாகும் கதிரியக்கப் பொருட்கள் மருத்துவத்திற்கும் பயன்படுகின்றன. 1963-இல் அந்த மையம் பரேலில் கதிர்வீச்சு மருத்துவ மையத்தைத் தொடங்கியது. சமாரியம்-153, லுடீசியம்-177 போன்றவற்றை எலும்பை நாடிச் செல்லும் மருந்துடன் இணைத்து இரத்த நாளத்தில் செலுத்தினால், நோய் பரவிய எலும்புப் பகுதிகளில் அவை மிகுதியாகச் சென்று தங்குகின்றன. அங்கே குறுகிய தொலைவு மட்டும் பாயும் கதிர்களை வெளியிட்டு, உடலின் பல இடங்களில் உள்ள வலியை ஒரே முறையில் தணிக்கின்றன. இரத்த அணுக்கள் குறையக்கூடும் என்பதால் உரிய பரிசோதனைக்குப் பின்னரே இதை அளிப்பர். அர்ஜுனனின் அம்பு பூமியைப் பிளந்து நீர் தந்த நிகழ்ச்சியை நினைவூட்டும் மாற்றம் இது.

பற்றற்ற செயல் என்றால் நோக்கமற்ற செயல் என்று கர்மயோகத்தைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். நோக்கம் தெளிவாக இருக்கவேண்டும், செயல் திறமையாக அமையவேண்டும், விளைவின் மீதுள்ள பிடிவாதம் மட்டும் நீங்கவேண்டும் என்பதே கீதை காட்டும் நெறி. வலியைத் தணிப்பதற்கென்று செய்யும் சிகிச்சையைக் குணம் கிடைக்கும் என்ற இரகசிய ஆசையுடன் செய்தால், வலி தணிந்தபோதும் மனம் ஏமாற்றமே அடையும். சங்கல்பம் தெளிவாக இருந்தால், தாய் ஓர் இரவு நிம்மதியாக உறங்குவதே சிகிச்சையின் வெற்றி என்று உணர முடியும்.

மாத்திரை காட்டிய பாடம்

வாய், தொண்டைப் புற்றுநோய் இந்தியாவில் மிகுதி. புகையிலையும் குட்காவும் அதற்குப் பெருங்காரணங்கள். அறுவைச் சிகிச்சைக்கு அப்பால் சென்றுவிட்ட அத்தகைய நோயாளிகளுக்கு, நரம்பில் ஏற்றும் சிஸ்பிளாட்டின் நெடுங்காலம் வழக்கமான மருந்தாக இருந்தது. அதற்கு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வாந்தியையும் சிறுநீரகப் பாதிப்பையும் எதிர்கொள்ளவேண்டும். டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் விலை குறைந்த இரண்டு மாத்திரைகளை அதனுடன் ஒப்பிட்டனர். ஒன்று, வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோடிரெக்சேட். மற்றது, நாள்தோறும் இருமுறை விழுங்கும் செலிகாக்சிப். இது வலிக்கும் வீக்கத்திற்கும் தரப்படும் பழைய மருந்துதான்.

422 பேர் பங்குகொண்ட அந்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. மாத்திரை பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 7.5 மாதங்கள். நரம்பில் மருந்து பெற்றவர்களுக்கு 6.1 மாதங்கள். கடுமையான பக்கவிளைவுகள் மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 19 பேருக்கும், மற்றதில் 30 பேருக்கும் ஏற்பட்டன. அதே மருத்துவமனையில் நடந்து 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இத்தகைய மாத்திரைகளுடன் நிவோலுமாப் என்னும் விலையுயர்ந்த மருந்து, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்க்கப்பட்டது. ஓராண்டு கடந்து வாழ்ந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 16.3-லிருந்து 43.4 ஆக உயர்ந்தது.

எல்லாவற்றையும் விற்று வாங்கிய மருந்தே உயர்ந்த மருந்து என்று மூத்த மகன் எண்ணுகிறான். செலவும் கடுமையும் அன்பின் அளவுகோல்கள் அல்ல என்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், இந்த மாத்திரைகள் எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. மார்பகப் புற்றில் சிலருக்கு ஹார்மோன் மாத்திரையே பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள், நோயை அடக்கி வைக்கக்கூடும். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

மூன்று அளவுகள்

மருத்துவம் பற்றித் திருவள்ளுவர் வகுத்த 95-ஆம் அதிகாரத்தில், மருத்துவன் மூன்றைக் கருத வேண்டும் என்கிறார்: நோயுற்றவனின் நிலை, நோயின் நிலை, காலத்தின் நிலை. நோயை விட நோயாளியை முதலில் வைத்தது கவனிக்கத் தக்கது.

படுக்கையை விட்டு எழ இயலாமல், உணவு குறைந்து, உடல் ஒடுங்கிய ஒருவருக்குக் கடுமையான கீமோதெரபி துணையாக இருப்பது அரிது. ஓரளவு நலமாக நடமாடியவர்களுக்கும்கூட, இறுதிக் காலத்தில் அளிக்கப்பட்ட கீமோதெரபி கடைசி வாரத்தின் நிம்மதியைக் குறைத்தது என்று அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. பயன்தரச் சில வாரங்கள் வேண்டும் கதிர்வீச்சும், சில நாட்களே எஞ்சியுள்ளவருக்குப் பொருந்தாது. அந்நிலையில் மார்ஃபினும் அன்பான கையும் போதும். நேற்றுப் பொருந்திய சிகிச்சை இன்று பொருந்தாமல் போகலாம். அதை நிறுத்துவது தோல்வி அன்று. பீஷ்மர் அம்பு பிடுங்கும் மருத்துவர்களை இகழ்ந்து விரட்டவில்லை. மரியாதையுடன் விடை கொடுத்தார். ஒரு சிகிச்சைக்கு விடைகொடுக்கும் பக்குவமும் விவேகமே.

வலியும் வினையும்

வலி முன்வினையின் பயன், அதை அனுபவித்தே கழிக்கவேண்டும், மருந்தால் தணிப்பது வினையைத் தள்ளிப்போடுவதாகும் என்று சில பக்தர்கள் எண்ணுவதுண்டு. மகாபாரதமே இதற்கு விடை தருகிறது. போர் முடிந்தபின், தருமரின் ஐயங்களைத் தீர்க்கும்படி கண்ணன் பீஷ்மரிடம் கூறினான். அம்புகளின் வேதனையால் அறிவு மயங்கிச் சொல் எழவில்லை என்றார் பீஷ்மர். வினையை அனுபவித்துத் தீருங்கள் என்று கண்ணன் சொல்லவில்லை. வேதனையும் எரிச்சலும் களைப்பும் பசிதாகமும் அவரை வாட்டாதிருக்கவும், அறிவு தெளிந்திருக்கவும் வரம் அளித்தான். அதன்பின் எழுந்ததே சாந்தி பருவத்தின் அறவுரை. வலி தணிந்ததால்தான் பீஷ்மரால் தம் கடைசிக் கடமையை நிறைவேற்ற முடிந்தது. பகவானே வலியைத் தணித்தான் எனில், அதைத் தணிக்கத் தயங்குவதற்கு மற்றவர்க்கு என்ன காரணம் இருக்க முடியும்?

மேலும், பிறர் துன்பத்தைக் காணும்போது அவரது வினையைக் கணக்கிடுவது காண்பவரின் தர்மம் அன்று. கையில் மருந்து இருக்க, கொடுக்காமல் நிற்பதும் ஒரு வினையே. வாய்வழி மார்ஃபினைப் பற்றிய அச்சமும் விலகவேண்டும். மருத்துவர் வகுத்த அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது அது பெரும்பாலும் அடிமைத்தனத்தை உண்டாக்குவதில்லை, உயிரைக் குறைப்பதுமில்லை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கலாம். மலச்சிக்கலுக்கு உடன் மருந்து வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை எளிதாகப் பெற வழிசெய்தது.

ஞானியர் சிகிச்சையை எப்படி நோக்கினர் என்பதற்குத் திருவண்ணாமலையில் ஒரு சான்று உண்டு. பகவான் ரமண மகரிஷியின் இடக்கையில் முழங்கை அருகே தோன்றிய கட்டி புற்றாக மாறியது. 1949-இல் நான்கு முறை அறுவை செய்யப்பட்டது, ரேடியமும் வைக்கப்பட்டது. பக்தர்களும் மருத்துவர்களும் அன்புடன் செய்தவற்றை மகரிஷி தடுக்கவில்லை. வேண்டும் என்று கேட்கவுமில்லை. கையையே அகற்றிவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் இணங்கவில்லை. உடலே ஒரு நோய்தான், அது தன் இயல்பான முடிவை அடையட்டும் என்பது அவரது கருத்தாக இருந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் உடலை விடுத்தார். உடல் தான் அன்று என்று அறிந்தவரும், பிறர் அன்பைப் புண்படுத்தாமல் சிகிச்சையை ஏற்றார். ஏற்கத் தகாததை அமைதியாக மறுத்தார். பிடிவாதம் இருபுறமும் இல்லை.

மறைக்கப்படும் உண்மை

சங்கல்பம் தெளிவாக வேண்டுமானால், உண்மை தெளிவாக வேண்டும். பல வீடுகளில் நோயாளியைத் தவிர எல்லோருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. தாராவியின் ஒற்றை அறையில் இரகசியம் பேச இடமில்லாமல் சந்தில் நின்று பேசுகின்றனர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசுகின்றனர். உள்ளே படுத்திருக்கும் தாய்க்கோ, பேச்சு நின்றுபோகும் விதத்திலிருந்தே எல்லாம் விளங்கிவிடுகிறது. பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவளும் தெரியாததுபோல் இருக்கிறாள். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியே அழுகின்றனர்.

சத்தியமும் அகிம்சையும் ஒன்றையொன்று எதிர்ப்பவை அல்ல. எவ்வளவு அறிய விரும்புகிறாள் என்று தாயிடமே கேட்டு, அந்த அளவுக்கு, அந்த வேகத்தில், பொய் கலவாமல் சொல்வதில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. இந்தச் சிகிச்சை நோயை நீக்க அல்ல, இடுப்பு வலியைக் குறைத்து உங்களை நடக்கவைக்க என்று சொல்லும்போது, அவள் தன் நாட்களைத் தானே அமைத்துக்கொள்ள முடிகிறது. திருச்செந்தூருக்கு ஒருமுறை போய்வர விரும்பலாம். பேச்சு நின்றுபோன தம்பியைப் பார்க்க விரும்பலாம். மகளுக்கென்று வைத்த நகையை விற்கவேண்டாம் என்று உறுதியாகச் சொல்லவும் விரும்பலாம். அந்த உரிமை அவளுடையது. இறுதி நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது; 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது.

ஆகவே, இத்தகைய நிலையில் மருத்துவர் முன் அமரும் குடும்பம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இந்தச் சிகிச்சை எதற்காக: குணத்திற்கா, நாட்களை நீட்டவா, துன்பத்தைத் தணிக்கவா? அதன் பயன் தெரிய எத்தனை நாள் ஆகும்? அதற்காக நோயாளி எதைத் தாங்கவேண்டும், குடும்பம் எதைச் செலவிட வேண்டும்? பயன் தரவில்லை என்பதை எப்போது, எதைக் கொண்டு அறிந்து நிறுத்துவது? அதனுடன், நோய் ஆதரவு மருத்துவப் பிரிவுக்கு இப்போதே செல்லலாமா என்றும் கேட்கவேண்டும். டாடா நினைவு மருத்துவமனையிலும் நாட்டின் பல பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலும் அதற்கெனத் தனிப்பிரிவு உள்ளது.

அண்டை அயலார்க்கும் பங்குண்டு. கதிர்வீச்சு நாளன்று ஒருவர் டாக்சி அமர்த்தித் துணைக்குச் செல்லலாம். ஒருவர் சமைத்துக் கொடுக்கலாம். ஒருவர் இரவு விழித்திருந்து, நாள்கணக்கில் உறங்காத மகளை உறங்கவைக்கலாம். வேறொருவர் அந்தத் தாய்க்குப் பிடித்த திருப்புகழைப் பாடலாம், அல்லது ஏதும் பேசாமல் காலைப் பிடித்துவிடலாம். கோயிலில் செய்யும் அர்ச்சனையைப் போலவே இவையும் அர்ச்சனைகள்தாம். நோயுற்ற உடலில் உறைபவனும் ஆலயத்தில் உறைபவனே என்பது உண்மையானால், அந்த உடலின் வலியை முதலில் கேட்டறிவதே அவனுக்குச் செய்யும் முதல் உபசாரம்.

பீஷ்மர் 58 இரவுகள் அம்புப் படுக்கையில் இருந்ததாக இதிகாசம் கூறுகிறது. அந்த நாட்களை அவர் இழந்த நாட்களாகக் கழிக்கவில்லை. தலைக்கு அணையும், தாகத்திற்கு நீரும், தெளிந்த அறிவும், சூழ்ந்து நின்ற சுற்றமும் பெற்று, உத்தராயணம் பிறந்தபின் அமைதியாக உடலை விடுத்தார். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும், நாட்டின் எந்த ஊரிலும், நோயின் பிடியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த நான்கும் கிடைக்க இறைவன் அருள்வானாக. அவற்றைக் கொடுக்கும் கைகளாகச் சுற்றத்தாரையும் மருத்துவர்களையும் ஆக்குவானாக.